மேனரிகமும் மரபணுவும்: ஆட்டிச ஆய்வில் சித்தூர் எங்கே?

தெலுங்கரின் டிஎன்ஏவையோ தமிழரின் டிஎன்ஏவையோ மற்றவர்களுடையதோடு ஒப்பிட்டுப் பார்க்க விரும்பும் ஆய்வாளர், உலகின் எந்த மூலையில் இருந்தாலும், முதலில் திறந்து பார்ப்பது ‘ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்ட’த்தின் பொதுத் தரவைத்தான். 2015இல் அதன் இறுதித் தொகுப்பு வெளிவந்தபோது 26 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 2,504 பேர் அதில் இருந்தார்கள். தெற்காசியர் 489 பேர். அவர்களில் தெலுங்கர் 102, தமிழர் 102. எண்ணிக்கையை விட்டுவிடுவோம், இடத்தைப் பார்ப்போம். தெலுங்கர் என்று அதில் குறிக்கப்பட்டவர்கள் பிரிட்டனில் வாழும் தெலுங்கர்கள். தமிழர் என்று குறிக்கப்பட்டவர்கள் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்கள். படிப்புக்கும் வேலைக்கும் போனவர்கள், போருக்குத் தப்பிப் போனவர்கள். ரேணிகுண்டா சந்திப்பில் ரயில் மாறுகிறவரும் சித்தூர் மாங்கூழ் ஆலையில் கூடை இறக்குகிறவரும் அந்த 204 பேரில் யாருக்கு நெருக்கம் என்று கேட்டால் ‘தோராயமாக’ என்பதற்கு மேல் பதில் கிடைக்காது.

மனித இனத்தின் பெரும் இடப்பெயர்வுகளைப் பற்றி எழுதுகிறவருக்கு இந்தத் தோராயம் போதும். பேச்சு வராத நான்கு வயதுப் பிள்ளையின் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இருக்கும் ஒற்றை எழுத்து மாற்றம் நோய்க்குக் காரணமா, இல்லை இந்த ஊரில் பலருக்கும் இருக்கும் சாதாரண வேறுபாடா என்று தீர்மானிக்க வேண்டிய மருத்துவருக்குப் போதாது. ஆட்டிச மரபணு ஆய்வில் பல்வேறு மக்களும் இடம்பெற வேண்டும் என்று இன்று உலகெங்கும் பேசுகிறார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் ‘இந்தியர்’ என்று அட்டவணையில் ஒரு வரியைக் கூட்டிவிட்டால் வேலை முடிந்தது என்கிற தொனி அதில் அடிக்கடி கேட்கிறது. சித்தூரிலிருந்தும் திருப்பதியிலிருந்தும் பார்த்தால் அந்த ஒரு வரி எவ்வளவு மெலிந்தது என்று தெரியும்.

முதலில் ஆட்டிசத்தின் மரபுக் கணக்கு. டென்மார்க், பின்லாந்து, ஸ்வீடன், இஸ்ரேல், மேற்கு ஆஸ்திரேலியா ஆகிய ஐந்து இடங்களில் பிறந்த இருபது லட்சம் பிள்ளைகளின் பதிவுகளை வைத்து 2019இல் வந்த ஆய்வு, ஆட்டிசம் யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை என்ற வேறுபாட்டில் ஏறத்தாழ 80 விழுக்காடு மரபின் பங்கு என்றது. அந்த ஐந்து இடங்களின் பெயர்களை இன்னொரு தடவை படித்துக்கொள்ளலாம். அதே ஆண்டில் வந்த இன்னொரு பெரிய ஆய்வு, ஆட்டிசம் உள்ள 18,381 பேரை இல்லாத 27,969 பேரோடு ஒப்பிட்டு, மரபணுத்தொகுதியில் ஐந்து இடங்களை முதன்முறையாக உறுதியாகச் சுட்டிக்காட்டியது. அதன் முதுகெலும்பு டென்மார்க். அங்கே 1980களின் தொடக்கத்திலிருந்து பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் குதிகாலிலும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துத் தாளில் உலர்த்திச் சேமித்து வருகிறார்கள். அந்தச் சொட்டையும் மருத்துவமனைப் பதிவையும் இணைத்தால் ஆய்வு தயார். சேமித்து வைத்த நாட்டுக்குப் பலன் கிடைத்தது, அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் சிறு மரபணு வேறுபாடுகளைக் கூட்டி ஒருவரின் வாய்ப்பைக் கணிக்க, இப்படி ஐரோப்பியத் தரவிலிருந்து உருவாக்கும் மதிப்பெண் முறையை வேறு மக்களுக்குப் பொருத்தினால் துல்லியம் சரிகிறது. பிரிட்டன் பயோபேங்க் தரவை வைத்து 2019இல் செய்த சோதனையில், உயரம், ரத்தக் கூறுகள் போன்ற பல பண்புகளைக் கணிப்பதில் ஐரோப்பியருக்குக் கிடைத்த துல்லியத்தில் மூன்றில் இரண்டு பங்குகூடத் தெற்காசியருக்குக் கிடைக்கவில்லை.

இதுவரை சொன்னது, ஆயிரக்கணக்கான சிறு வேறுபாடுகள் கூடி உண்டாக்கும் வகை. இன்னொரு வகை, பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் பிள்ளையிடம் புதிதாகத் தோன்றும் பிறழ்வு. சிஎச்டி8, எஸ்சிஎன்2ஏ, ஷாங்க்3 போன்ற மரபணுக்களின் பெயர்கள் இந்த வழியில் வந்தவை. 2020இல் 35,584 பேரின் மாதிரிகளிலிருந்து இப்படி 102 மரபணுக்களைப் பட்டியலிட்டார்கள். அமெரிக்காவின் சைமன்ஸ் அறக்கட்டளை சுமார் 2,600 குடும்பங்களைத் திரட்டியதும் இதற்காகவே. ஆட்டிசம் உள்ள பிள்ளை ஒன்றே ஒன்று, பெற்றோருக்கு இல்லை, உடன்பிறந்தாருக்கும் இல்லை என்ற குடும்பங்களாகப் பார்த்துச் சேர்த்தார்கள். புதுப் பிறழ்வைப் பிடிக்க அது நல்ல வலை. பெற்றோர் இருவரும் ஆளுக்கொரு பழுதான பிரதியைச் சுமந்து, இரண்டும் பிள்ளையிடம் சேரும்போது மட்டும் வெளிப்படும் ஒடுங்கிய வகையை அந்த வலை பெரும்பாலும் நழுவவிடும். அந்த மூன்றாவது வகைதான் நம்முடைய விஷயம்.

அதற்கு முன் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பன்முகத்தன்மைக்காக வாதாடுகிறவர்கள் சிலர், மற்ற இனத்தாரை ஆராய்ந்தால் புத்தம்புதிய ஆட்டிச மரபணுக்கள் கொட்டும் என்று நம்பிக்கை தருகிறார்கள். இதுவரை அப்படி நடக்கவில்லை. லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் 15,000 பேருக்கு மேல் திரட்டிய கூட்டாய்வு 2024 இறுதியில் முன்வெளியீடாக வந்தது. அதில் தெரிந்த 35 மரபணுக்கள் பெரும்பாலும் ஐரோப்பியப் பட்டியலோடு ஒத்துப்போயின. மூளை வளர்ச்சியின் அடிப்படை வேலைகளைச் செய்யும் மரபணுக்கள் கண்டத்துக்குக் கண்டம் மாறாது. ‘இந்திய ஆட்டிச மரபணு’ என்று ஒன்று திருப்பதியில் கண்டுபிடிக்கப்படும் என்று யாராவது நிதி கேட்டால், கொடுக்கும் முன் யோசிக்கலாம். மாறுவது வேறு. எந்தப் பிறழ்வு எந்த ஊரில் எவ்வளவு பரவியிருக்கிறது, எது தீங்கில்லாத உள்ளூர் வேறுபாடு, எது ஒடுங்கிய நிலையில் தலைமுறைகளாகப் பதுங்கி வருகிறது என்பவை ஊருக்கு ஊர், சமூகத்துக்குச் சமூகம் மாறும். அதைப் படிக்கத் தெரியாவிட்டால் 102 மரபணுப் பட்டியல் கையில் இருந்தும் பயனில்லை.

தவறாகப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலேயே சான்று உண்டு. இதயத் தசை தடிக்கும் நோய்க்குக் காரணம் என்று கருதப்பட்ட சில மாறுபாடுகள் கறுப்பின அமெரிக்கர்களிடையே சாதாரணமாகக் காணப்படுபவை என்று 2016இல் வந்த ஆய்வு காட்டியது. தொடக்கத்தில் ஒப்பீட்டுக்கு எடுத்த ஆரோக்கியமானவர்களில் கறுப்பினத்தார் போதிய அளவு இருந்திருந்தால் அந்தத் தவறான முடிவுகள் வந்திருக்கவே மாட்டா. ஆட்டிசத்துக்காகச் செய்யும் மரபணுப் பரிசோதனையில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வரும் அறிக்கையில் இதற்கு நேர்மாறான பிழை அதிகம்: ‘பொருள் தெளிவற்ற மாறுபாடு’ என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். பெற்றோர் அந்தத் தாளை மடித்து ஃபைலில் வைத்துக்கொண்டு அடுத்த மருத்துவரைத் தேடுகிறார்கள்.

சித்தூருக்கு வருவோம். பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகர் ஒருகாலத்தில் சித்தூர்தான். 1911இல் சித்தூர் தனி மாவட்டமானது. 1960இல் திருத்தணி அதிலிருந்து சென்னை மாநிலத்துக்குப் போனது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஒரு நூற்றாண்டில் கோடு மூன்று முறை நகர்ந்திருக்கிறது. சம்பந்தம் பேசுவது மட்டும் பழைய எல்லையிலேயே நடக்கிறது. சித்தூரில் பெண், வேலூரில் மாப்பிள்ளை. புத்தூரில் அத்தை, திருத்தணியில் மாமன். வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளரும் பிள்ளைகள் ஏராளம். இந்தப் பரப்பில் அக்காள் மகளைத் தாய்மாமன் கட்டுவதும், மாமன் மகளையோ அத்தை மகளையோ கட்டுவதும் முறை. தெலுங்கில் இதை மேனரிகம் என்பார்கள். தமிழ் வீடுகளிலும் அந்தச் சொல் புழங்குகிறது.

இது பழங்கதை அல்ல. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் உறவுக்குள் மணந்த பெண்கள் தமிழ்நாட்டில் 28 விழுக்காடு, கர்நாடகத்தில் 27, ஆந்திரத்தில் 26. மரபியல் கணக்குப்படி மாமன் மகள், அத்தை மகள் மணத்தில் பிறக்கும் பிள்ளைக்கு, ஏதாவது ஓர் இடத்தில் ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே பிரதி இரண்டு பக்கமும் சேர்வதற்கான வாய்ப்பு 16இல் 1. தாய்மாமன் மணத்தில் 8இல் 1. (எக்ஸ் குரோமோசோமில் மட்டும் கணக்கு வேறு. அத்தை மகளை மணந்தவரின் பெண் குழந்தைக்கு அந்த வாய்ப்பு பூஜ்யம், மாமன் மகளை மணந்தவரின் பெண் குழந்தைக்கு 8இல் 1. ஆண் குழந்தைக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வருவதால் இரண்டு முறையிலும் வித்தியாசமில்லை. முறைக்கு முறை வேறு விளைவு உண்டு என்பதை ‘உறவு மணம்: ஆம், இல்லை’ என்று கட்டம் போட்ட படிவம் காட்டாது.) இதெல்லாம் ஒரு தலைமுறைக் கணக்கு. பாட்டியும் தாத்தாவும்கூட முறைதான் என்றால் எண் ஏறும்.

உறவு மணத்தின் விளைவைப் பற்றி இந்த மண்ணில் நடந்த மிகப் பெரிய ஆய்வுகளில் ஒன்று ஆட்டிசத்தைத் தொடவே இல்லை என்றாலும் இங்கே முக்கியம். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியை (சிஎம்சி) சேர்ந்த பி.எஸ்.எஸ். ராவும் எஸ்.ஜி. இன்பராஜும் 1970களில் வட ஆற்காட்டின் கிராமங்களிலும் வேலூர் நகரத்திலும் ஆயிரக்கணக்கான திருமணங்களையும் பிரசவங்களையும் பதிவு செய்தார்கள். கிராமங்களில் ஏறத்தாழ பாதித் திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை. கருச்சிதைவு, குழந்தை இறப்பு, பிறவிக் குறை எல்லாம் உறவு மணங்களில் பெரிய அளவில் கூடியிருக்கும் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக உறவுக்குள்ளேயே கட்டி வந்ததால் கொடிய ஒடுங்கிய பிறழ்வுகள் பிறந்து, பிழைக்காமல் போய், கொஞ்சம் கொஞ்சமாகக் கழிந்துவிட்டிருக்கலாம் என்று அவர்கள் விளக்கினார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் 2015இல் ஹைதராபாத் பிட்ஸ் பிலானி வளாகத்தினர் வெளியிட்ட ஆய்வு நிற்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளையும் இல்லாத பிள்ளைகளையும் ஒப்பிட்ட அந்த ஆய்வில், பெற்றோர் உறவினராக இருந்தால் ஆட்டிசத்துக்கான வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்று வந்தது. இரண்டில் எது சரி? இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல என்பது என் கருத்து. வயிற்றிலோ தொட்டிலிலோ உயிரை எடுக்கும் பிறழ்வுகள் கழியலாம். உயிரை எடுக்காமல், பேச்சையும் பழக்கத்தையும் மட்டும் தொடும் பிறழ்வு எளிதில் கழியாது. ராவும் இன்பராஜும் எண்ணியவை இறப்பும் வெளியே தெரியும் குறையும்தான். ஐந்து வயதில் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை அவர்களின் படிவத்தில் ஆரோக்கியமான பிள்ளை. இன்னொரு பக்கம், சிகிச்சை மையங்களுக்கு வரும் பிள்ளைகளை வைத்துச் செய்யும் ஒப்பீட்டில், யார் மையத்துக்கு வருகிறார்கள் என்பதே முடிவைச் சாய்க்கும். ஆகவே மூன்று மடங்கு என்ற எண்ணை வைத்து ஊரை மிரட்டக்கூடாது. ஊரில் போய் எண்ணிப் பார்த்தால் ஒழியத் தெரியாது.

ஒடுங்கிய வகை ஆட்டிசம் இருக்கிறது என்பதில் இப்போது சந்தேகமில்லை. 2008இல் கிறிஸ்டோபர் வால்ஷின் குழு, அரபு நாடுகள், துருக்கி, பாகிஸ்தான் முதலிய இடங்களின் 104 குடும்பங்களை ஆராய்ந்தது. அவற்றில் பெரும்பாலானவை உறவு மணக் குடும்பங்கள். பிள்ளையின் டிஎன்ஏவில் இரண்டு பிரதியும் நீளமாக ஒன்றுபோல் இருக்கும் பகுதிகளைத் தேடி, அங்கே விழுந்த ஓட்டைகளைக் கண்டது. 2012இல் ஜோசப் கிளீசனின் குழு இதே வழியில் பிசிகேடிகே என்ற மரபணுவைப் பிடித்தது. அது பழுதானால் உடல் சில அமினோ அமிலங்களை அளவுக்கு மீறி எரித்துவிடுகிறது. பிள்ளைக்கு ஆட்டிசத்தோடு வலிப்பும் வருகிறது. குறைவதை உணவில் கூட்டிக் கொடுக்கலாம். 2023இல் இப்படி 21 பேரைத் தொடர்ந்து கவனித்து எழுதியதில், சீக்கிரம் தொடங்கியவர்களுக்குத் தலை வளர்ச்சியிலும் அசைவிலும் முன்னேற்றம் தெரிந்தது. மிக அரிதான வகைதான். ஆனால் ஆட்டிசத்தின் கீழ் வரும் நிலைகளில் மருந்தோ உணவோ நேரடியாகக் கைகொடுக்கும் வெகு சிலவற்றில் ஒன்று, உறவு மணக் குடும்பங்களைத் தேடிப் போனதால் கிடைத்தது. ஐரோப்பிய வம்சாவளியினர் மிகுந்த தரவிலும் 2019இல் தேடிப் பார்த்தபோது ஒடுங்கிய வகை ஏறத்தாழ 5 விழுக்காடு, பெண்களில் 10 விழுக்காடு என்று கணக்கு வந்தது. உறவு மணமே அருகிப்போன மக்களிடையே 5 என்றால் இங்கே எவ்வளவு?

இங்கேதான் சாதி வருகிறது. மரபியலார் நாசூக்காக ‘அகமணக் குழு’ என்பார்கள். 2009இல் ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தின் குமாரசாமி தங்கராஜ், லால்ஜி சிங், ஹார்வர்டின் டேவிட் ரைக் ஆகியோர் 25 குழுக்களைச் சேர்ந்த 132 இந்தியர்களை ஆராய்ந்து நேச்சர் இதழில் எழுதினார்கள். அதில் ஆந்திர வைசியர்கள் தனித்துத் தெரிந்தார்கள். இரண்டாயிரம் மூவாயிரம் ஆண்டுகளாக வெளியிலிருந்து கலப்பு அநேகமாக இல்லாமல் தங்களுக்குள்ளேயே மணந்து வந்த சமூகம். 2017இல் அதே அணியினர் 263 தெற்காசியக் குழுக்களைப் பார்த்ததில், 81 குழுக்கள் சில தொடக்கக் குடும்பங்களிலிருந்து பெருகியவை. அந்தச் சுருக்கத்தின் அளவு பின்லாந்துக்காரரையும் அஷ்கெனாசி யூதரையும் மிஞ்சியது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட 14 குழுக்கள் அந்த 81இல் உண்டு. தெலுங்கு வைசியர், வட்டே, தமிழகத்தின் கள்ளர், அருந்ததியர் என்று வணிகரும் உழைப்பாளிகளும் அந்தப் பட்டியலில் கலந்திருக்கிறார்கள். மேல் கீழ் என்ற பேச்சுக்கும் இதற்கும் தொடர்பில்லை, யார் எவ்வளவு காலம் தங்களுக்குள்ளேயே மணந்தார்கள் என்பதே கணக்கு.

மயக்க மருத்துவர்களுக்கு இது ஏட்டறிவு அல்ல. அறுவைச் சிகிச்சையில் தசையைத் தளர்த்த ஸ்கோலின் ஊசி போட்டால் சில நிமிடங்களில் அதன் வேகம் தணிய வேண்டும். அதைச் சிதைக்கும் நொதி சிலருக்குப் பிறப்பிலேயே இல்லை; அவர்களுக்கு மூச்சு மணிக்கணக்கில் திரும்பாது. வைசியர்களிடையே இந்தக் குறை மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதற்குக் காரணமான பிறழ்வையே கண்டுபிடித்துக் காட்டினார்கள். அறுவைக்கு முன் நோயாளியின் சமூகத்தைக் கேட்டுக்கொள்ளும் மருத்துவர் இருந்தால் அது சாதி பார்ப்பதாகாது.

இந்த அகமணத்தின் விளைவு ஒன்று பலருக்கு எட்டுவதில்லை. ‘நாங்கள் உறவிலே கட்டவில்லையே’ என்று பெற்றோர் சொன்னால் மருத்துவர் ஒடுங்கிய வகையை மனத்திலிருந்து விலக்கிவிடுகிறார். ஆனால் கணவன் திருப்பதி, மனைவி நெல்லூர், எந்தச் சொந்தமும் இல்லை, இருவரும் ஒரே சிறிய அகமணக் குழு என்றால் ஒரே மூதாதையின் பழுதான பிரதி இருவரிடமும் இருக்கலாம். ஆக, நம் ஊரில் வம்சாவளிப் பன்முகம் என்பது ‘தெற்காசியர்’ என்ற அளவிலும் இல்லை, ‘தெலுங்கர்’, ‘தமிழர்’ என்ற அளவிலும் இல்லை. அதற்கும் கீழே, கல்யாணப் பேச்சில் முதலில் கேட்கப்படும் அளவில் இருக்கிறது. அந்த அளவில் மாதிரி எடுக்க முனைந்த பெரிய அரசுத் திட்டம் ஜீனோம் இந்தியா. 2020 ஜனவரியில் தொடங்கி, 83 குழுக்களைச் சேர்ந்த 9,772 பேரின் தரவு 2025 ஜனவரியில் ஃபரிதாபாத் தரவு மையத்தின் வழியாக ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. பெரிய காரியம். ‘இந்த மாறுபாடு நம்மிடையே சாதாரணமா’ என்ற கேள்விக்கு இனி ஓரளவு விடை உண்டு. ஆனால் அது ஆரோக்கியமான பெரியவர்களின் தொகுப்பு. ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பெற்றோரிடம் அது போகவில்லை, போவதும் அதன் வேலை அல்ல.

பெற்றோரிடம் போக முதலில் பிள்ளையைக் கண்டறிய வேண்டும். டிஎன்ஏவை வரிசைப்படுத்தும் இயந்திரத்தின் விலை ஆண்டுக்காண்டு இறங்குகிறது. பிள்ளையோடு ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்து பார்க்கத் தெரிந்த ஆளின் எண்ணிக்கை அந்த வேகத்தில் ஏறவில்லை. தடை அங்கேதான். சித்தூரில் இரண்டு வயதில் பேச்சு வராத பிள்ளையைப் பற்றி வீட்டில் வரும் முதல் விளக்கம், ‘ரெண்டு பாஷை கேட்டுக் குழம்புது’. இரண்டாவது, ‘அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசினான்’. இரு மொழி கேட்பதால் ஆட்டிசம் வருவதில்லை, ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கும் அது கேடில்லை என்று ஆய்வுகள் சொல்லி வருகின்றன. ஆனாலும் இந்த விளக்கத்தில் ஒன்றிரண்டு ஆண்டுகள் போய்விடுகின்றன. பெண் பிள்ளை என்றால் ‘கூச்ச சுபாவம்’ என்று இன்னும் கொஞ்சம் போகும்.

அளவுகோல்களும் ஊருக்கு ஊர் சரிபார்க்க வேண்டியவை. உலகமெங்கும் பயன்படும் கார்ஸ் என்ற ஆட்டிச மதிப்பீட்டில் 30 மதிப்பெண் எல்லை. வேலூரில் பால் ரசல் குழுவினர் இந்தியப் பிள்ளைகளிடம் சோதித்து 2010இல் எழுதியபோது 33தான் இங்கே பொருந்துகிறது என்றார்கள். மூன்று மதிப்பெண் சிறிய வித்தியாசம் போலத் தோன்றும். ஆயிரம் பிள்ளைகளைச் சேர்க்கும் மரபணு ஆய்வில் அந்த மூன்று, ஆட்டிசம் இல்லாத பலரை உள்ளே விட்டுக் கணக்கையே கலக்கிவிடும். அரசுச் சான்றிதழுக்கு நம் நாட்டிலேயே உருவான, 40 கேள்விகள் கொண்ட ஐசா அளவுகோல் இருக்கிறது. 70ஐ எட்டினால் ஆட்டிசம். 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தின் ஏழு வகைகளில் ஆட்டிசம் இல்லை. 2016 சட்டத்தில்தான் அது வந்தது. எனவே இன்று முப்பது வயதைத் தாண்டிய ஆட்டிசக்காரர்கள் சித்தூர் மாவட்டப் பதிவேடுகளில் இருந்தால், ‘மனவளர்ச்சி குன்றியவர்’ என்ற கட்டத்தில்தான் இருப்பார்கள். ஆந்திர அரசின் பழைய சதரம் ஊனச் சான்றிதழ்களையும் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான பவிதா மையங்களின் பதிவேடுகளையும் புரட்டாமல் பெரியவர்களைக் கண்டுபிடிக்க வழியில்லை. 2013இல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் வந்தபின் சிறு பிள்ளைகளின் நிலை பரவாயில்லை.

இப்படிப் பார்த்தால் சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ள குறைகளைவிட வசதிகள் ஆச்சரியப்படுத்தும். திருப்பதியில் ஸ்விம்ஸ் மருத்துவமனையும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. 1954இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் மானிடவியல் துறை உண்டு. அறிவியல் கல்விக்கும் ஆய்வுக்குமான ஐசர் நிறுவனம் 2015இல் வந்தது. எல்லைக்கு அந்தப்பக்கம், சித்தூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவில் வேலூர் சிஎம்சி. அங்கே மருத்துவ மரபியல் துறையும், பாகாயத்தில் பிள்ளைகளின் மனநலத்துக்கான நம்பிக்கை நிலையமும் இருக்கின்றன. சிஎம்சியின் வளாகம் ஒன்று சித்தூர் அருகே ராமாபுரத்திலும் இயங்குகிறது. இவர்கள் எல்லோரும் ஒரே மேசையில் உட்காரத் தடை மலையோ ஆறோ அல்ல. இரண்டு மாநிலம், இரண்டு சுகாதாரத் துறை, ஆளுக்கொரு நெறிமுறைக் குழு. (திருப்பதியில் மருத்துவமனையை மட்டும் நம்பி மாதிரி எடுத்தால் ஒரு சிக்கல் உண்டு. வேண்டுதலுக்கு வந்த இடத்தில் மருத்துவரையும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் எந்த ஊர் என்று கேட்டுப் பிரிக்காவிட்டால், அது சித்தூரின் தரவாக இராது.)

டென்மார்க்கிடம் உலர்ந்த ரத்தச் சொட்டு இருக்கிறது. நம்மிடம் அது இல்லை. வேறொன்று இருக்கிறது: வம்சாவளி நினைவு. மேற்கத்திய ஆய்வாளர்கள் கணினியை ஓட்டி ஊகிக்கும் உறவுமுறையை இங்கே ஒரு பாட்டி, வெற்றிலையை மடித்துக்கொண்டே நான்கு தலைமுறைக்குச் சொல்வார். யார் அக்காள் மகளைக் கட்டினார், எந்தக் கிளையில் ‘அந்த மாதிரி’ ஒரு சித்தப்பா இருந்தார், யார் ஊர் விட்டுப் போனார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்த வரைபடத்தையும் டிஎன்ஏவையும் சேர்த்து வைத்தால், சிறிய எண்ணிக்கையிலேயே ஒடுங்கிய பிறழ்வைப் பிடிக்கலாம். 104 குடும்பங்கள் போதும் என்று வால்ஷ் காட்டிவிட்டார். அதே சமூகங்களின் ஆரோக்கியமான சில நூறு பேரையும் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தால் ‘பொருள் தெளிவற்ற’ என்று நின்றுபோன அறிக்கைகள் பல நகரும்.

கேட்கும் விதத்தில் ஆபத்து இருக்கிறது. பிள்ளைக்கு ஆட்டிசம் என்றவுடன் விரல் தாயை நோக்கி நீளும் வீடுகள் நிறைய. ‘உறவுப் பெண்ணைக் கட்டியதால்’ என்று ஆராய்ச்சிக்காரரும் சொல்லிவிட்டால் அந்தப் பெண்ணின் நிலை என்ன? ஒரு சாதியின் பெயரோடு ஒரு பிறழ்வை ஒட்டிப் பத்திரிகையில் போட்டால் அந்தச் சாதிப் பெண்களுக்கு வரன் தேடும்போது அது எழும்பும். அரிசோனாவின் ஹவாசுபாய் பழங்குடியினரிடம் 1990இல் நீரிழிவு ஆய்வுக்கென்று எடுத்த ரத்தம், அவர்களுக்குத் தெரியாமல் மனச்சிதைவு, வம்சாவளி ஆராய்ச்சிகளுக்கும் போனது. வழக்கு நடந்து, 2010இல் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து, மீதி ரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தது. பிரிட்டனில் 2021இல் பத்தாயிரம் ஆட்டிசக்காரர்களின் டிஎன்ஏவைத் திரட்டப் புறப்பட்ட ‘ஸ்பெக்ட்ரம் 10கே’, ஆட்டிசம் உள்ளவர்களே எதிர்த்ததால் சில வாரங்களில் நிறுத்தி வைக்கப்பட்டது. எங்களைக் கேட்டீர்களா, எதற்காகத் தேடுகிறீர்கள், பிறக்காமல் தடுக்கவா என்று அவர்கள் கேட்டார்கள். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் நம் ஊரில் இன்னும் அந்தக் கேள்வியைக் கேட்கும் மேடையில் இல்லை. இல்லாததால் கேள்வி இல்லை என்று ஆகாது. மாதிரி எங்கே சேமிக்கப்படும், எந்த நாட்டுக்குப் போகும், அடுத்த ஆய்வுக்கு மறுபடியும் சம்மதம் கேட்பார்களா, முடிவு தெரிந்தால் வீட்டுக்கு யார் வந்து தெலுங்கிலும் தமிழிலும் விளக்குவார்கள் என்பவை படிவத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்க வேண்டியவை அல்ல.

அப்படி விளக்கப் போகிறவரிடம் குடும்பம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் பிள்ளையைப் பற்றியதாக இருக்காது. பிள்ளையின் அக்காளைப் பற்றியதாக இருக்கும். அவளுக்கு மாமன் மகன் இருக்கிறான், அத்தையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள், கொடுக்கலாமா? இன்று அந்தக் கேள்விக்கு மரபியல் ஆலோசகர் சொல்லக்கூடியது, உறவு மணத்தில் பிறவிக் குறை 3 விழுக்காட்டிலிருந்து 6 ஆகும் என்று இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் பாகிஸ்தானியக் குடும்பங்களிடம் 2013இல் கண்ட சராசரியைத்தான். இந்தக் குடும்பத்தின் பிறழ்வு எது என்று தெரிந்திருந்தால் அக்காளுக்கும் மாமன் மகனுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை போதும். இருவரில் ஒருவரிடம் அது இல்லை என்றால், தம்பிக்கு வந்த காரணம் அவர்களுடைய பிள்ளைக்கு வராது என்று சொல்லிவிடலாம். சம்பந்தம் பேசுவதா வேண்டாமா என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.